லாஞ்ச் போன பிறகு நடந்த கூட்டம்

1

யோசனை வந்தது ஜெட்டியில், அதாவது படகுத்துறையில்தான். லாஞ்சின் பின்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். நான் மை காயாத தீர்மானத்தைக் காற்றில் விசிறிக்கொண்டே ஓடி வருகிறேன். பலகையின் நுனியை எட்டும்போது படகுக்கும் எனக்கும் நடுவில் நாலு முழம் தண்ணீர். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கட்டிய கணவன்தான், ஆனால் லாஞ்ச் அதை ஓட்டும் சாரங்குடையது. சாரங் மணி அடித்தால் அடித்ததுதான்.

இனி அடுத்த லாஞ்சுக்குப் பதினைந்து நாள். இந்தக் காகிதம் போர்ட் பிளேர் போகப் பதினைந்து நாள், பதில் வர இன்னொரு பதினைந்து. கிணற்றுக்கு உறை கேட்டு எழுதிய தீர்மானம் அது. அதற்குள் மழை வந்து கிணறே மூடிக்கொள்ளும்.

தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனதைப் பார்த்து நின்றபோதுதான் தோன்றியது. கூட்டம் முடிந்து எழுதுவதால்தானே லாஞ்ச் தப்புகிறது? எழுதிவிட்டுக் கூட்டம் நடத்தினால் என்ன?

நாங்கள் இந்தத் தீவில் இறங்கி அன்றோடு மூன்று வருஷம். மூன்று வருஷத்தில் எனக்கு வந்த முதல் உருப்படியான யோசனை என்று நினைத்துக்கொண்டு, காகிதத்தை மடித்து, துள்ளாத குறையாக வீடு திரும்பினேன்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஊர் என்றால் இங்கே யாருக்கும் புரியாது. ‘மெயின்லாண்ட்’ என்றால்தான் புரியும். என் மகள் ரீத்தாவுக்கு நாலு வயது. “நம்ம ஊர் எதுடி?” என்று கேட்டால் ஜெட்டியைக் காட்டுகிறாள்.

எங்கள் குடியேற்றக் கிராமத்தின் பெயர் ஏழாம் மைல். எதிலிருந்து ஏழு என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. வங்காளிகள் பாதி, மீதியில் தெலுங்கர், மலையாளிகள், நாங்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு இந்தி. இலக்கணம் படித்தவர்கள் கேட்டால் அழுதுவிடுவார்கள். எங்களுக்கு அதில்தான் விடிகிறது. கீழே மற்றவர்கள் பேசுவதையெல்லாம் தமிழில் எழுதுகிறேன். விட முடியாத சொற்கள் மட்டும் அப்படியே வரும்: பஹன் என்றால் தங்கை, தாதா என்றால் அண்ணன், பாய் என்றால் சகோதரன்.

பஞ்சாயத்தில் ஒரு பெண்ணைச் சேர்க்க வேண்டும் என்று விதி. பிரதான், அதாவது தலைவர், ஹரேன் பாபு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“பஹன்ஜி, இங்கிலீஷ் எழுதத் தெரியுமா?”

“எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்.”

“அப்ப நீதான் மெம்பர்.”

தேர்தல் அவ்வளவுதான். செக்ரட்டரியாக இருந்த மலையாளி கலியாணத்துக்கு மெயின்லாண்ட் போனவர், திரும்பக் கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்று கடிதம் மேல் கடிதமாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஆகக் கூட்ட நடவடிக்கை எழுதும் மினிட் புக்கும் என் தலையில். உண்மையைச் சொன்னால் நானே பிடுங்கிக்கொண்டேன். சும்மா இருக்க எனக்கு வராது.

கூட்டத்தில் என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். வந்தவர் பெயர், போன கூட்டத்து நடவடிக்கை, வந்த கடிதங்கள். நெல்லை மேயும் மான்களுக்கு யார் காவல், ஜெட்டிப் பாதையில் புல் வெட்ட யார் முறை. ஒரு பெஞ்சைப் பற்றி இரண்டு கூட்டம் பேசினோம். லாஞ்சுக்குக் காத்திருப்பவர்கள் உட்கார ஜெட்டியில் போடும் பெஞ்ச் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? தெலுங்கு மெம்பர் அப்பாராவ், “கடலைப் பார்த்துத்தான். லாஞ்ச் வருவது தெரிய வேண்டாமா?” என்றார். எங்கள் சண்முகம் அண்ணன், மதுரைப் பக்கத்துக்காரர், பிடித்த பிடியிலிருந்து நகராத ஆள்: “மழை கடல்லருந்துதாம்மா வருது. மூஞ்சியில வாங்கிக்கிட்டு உக்காரணுமா? முதுகைக் காட்டித்தான் போடணும்.” கடைசியில் இரண்டுக்கும் இல்லாமல் குறுக்கே போட்டார்கள். அதில் உட்கார்ந்தால் உப்புக்கிடங்கின் சுவர் தெரியும். ஏகமனதாக நிறைவேறியது.

லாஞ்ச் வரும் நாளில்தான் கூட்டம். வேறு நாளில் வைக்க முடியாது. காட்டு வேலைக்கும் வயலுக்கும் போனவர்களெல்லாம் அன்றைக்குத்தான் ஜெட்டிக்கு இறங்குவார்கள், அன்றைக்குத்தான் கோரம், அதாவது கூட்டத்துக்கு வேண்டிய ஆள் எண்ணிக்கை, சேரும். சரக்கு இறக்கி முடித்த பிறகுதான் உட்காருவார்கள். அதற்குள் லாஞ்ச் போய்விடும்.

என் யோசனையைச் சொன்னபோது ஹரேன் பாபு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “கூட்டத்துக்கு முன்னாலே கூட்டத்து மினிட்ஸா?”

“மூணு நாள் முன்னாடியே எல்லா மெம்பர் வீட்டுக்கும் போய்க் கேட்டுடறேன், தாதா. அவங்க சொன்னதைத்தான் எழுதப்போறேன். கூட்டத்துல அதையே பேசிக் கையெழுத்துப் போடுங்க. லாஞ்சுல போற நகலுக்கு உங்க ஒருத்தர் கையெழுத்து போதும்.”

“பலே,” என்றார்.

நாலு கூட்டம் அப்படி நடந்தது. நாலும் கனகச்சிதம். கிணற்றுக்கு உறை வந்தது. மாதம் ஒருமுறை நர்ஸ் வர ஆரம்பித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

3

ஐந்தாவது கூட்டத்துக்கு இரண்டு விஷயங்கள்.

ஒன்று எனக்கு உயிர். எங்கள் ஓலைப் பள்ளிக்கு ஒரு தமிழ் வாத்தியார் கேட்டு நான் ஐந்து கடிதம் போட்டிருந்தேன். கடைசியில் பதில் வந்தது: பஞ்சாயத்துத் தீர்மானம் இந்த லாஞ்சில் வந்து சேர்ந்தால் இந்த வருஷப் பட்டியலில் சேர்ப்போம், இல்லையென்றால் அடுத்த வருஷம். அடுத்த வருஷத்துக்குள் ரீத்தாவிடம் மிச்சம் என்ன இருக்கும்? இப்போதே தண்ணீர் கேட்பது ‘பானி’ என்றுதான். கனவில் பேசினாலும் இந்தி. என் அம்மா அனுப்பிய கடிதத்தை வாசித்துக் காட்டினால் பாதியில் எழுந்து போய்விடுகிறாள். கோபமெல்லாம் இல்லை அவளுக்கு, புரியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, ஜெட்டியிலிருந்து ஜீப் பாதை. அலுவலகத்திலிருந்து வரைபடமும் ஒரு படிவமும் வந்திருந்தன. பஞ்சாயத்து சம்மதித்துப் படிவம் வந்ததும், அடுத்த லாஞ்சிலேயே வெட்டு ஆட்கள் வந்து பாதையைச் சுத்தம் செய்வார்கள் என்று கடிதம் சொன்னது. பாதை வேண்டாம் என்று யார் சொல்வார்? ஏழு மெம்பர் வீட்டுக்கும் போனேன். ஏழு பேரும் சம்மதம். ஒரு வீட்டில் எனக்கு டீ கிடைத்தது, ஒரு வீட்டில் பப்பாளி.

படிவத்தில் எட்டாவது கட்டம்: இந்த நிலத்தில் குடியிருப்போர் விவரம்.

வரைபடத்தைப் பார்த்தேன். நாலாவுக்கு, அதாவது எங்கள் ஓடைக்கு, அப்பால் வெறும் வெள்ளையாக இருந்தது. ‘எவருமில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதும்போது கை ஒரு நொடி நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலாவுக்கு அப்பாலிருந்து தினமும் காலையில் புகை எழும். என் வீட்டு அடுப்படியிலிருந்து பார்த்தால் தெரியும். யாரோ காட்டை எரிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷமாக ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் யாராவது காட்டை எரிப்பார்களா என்று நின்று யோசிக்க அன்றைக்கு எனக்கு நேரமில்லை.

லாஞ்ச் வந்தது. ஹரேன் பாபு கையெழுத்திட்டார். இரண்டு தீர்மானமும் படிவமும் ஒரே உறைக்குள் போயின. உறை தபால் பையில். பைக்கு அரக்கு முத்திரை. நண்பகலில் லாஞ்ச் கிளம்பியது. என் வீட்டுக்காரர் தளத்திலிருந்து கையசைத்தார். நானும் அசைத்தேன்.

4

கூட்டத்தில் வாத்தியார் தீர்மானம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. பாதைத் தீர்மானத்தை நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. பௌலுஸும் அவர் மனைவி எத்வாரியும்.

அவர்களை எனக்குத் தெரியும், அதுதான் கொடுமை. ராஞ்சிக்காரர்கள், மரம் வெட்டக் கூட்டிவரப்பட்டு, வேலை முடிந்தபின் இங்கேயே தங்கிவிட்டவர்கள். கத்தோலிக்கச் சாமியார் வரும் மாதங்களில் எங்கள் பூசைக்குக் கடைசி வரிசையில் முழங்கால் போடுவார்கள். எத்வாரி என் ரீத்தாவின் கன்னத்தைக் கிள்ளியிருக்கிறாள். எங்கே வீடு என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

பௌலுஸ் உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றே கேட்டார். “ஜெட்டியில் பேசிக்கொள்கிறார்கள். பாதை நாலா தாண்டி வருகிறதாமே. என் வீட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

நான் வரைபடத்தை விரித்தேன். அவருக்குப் படம் வாசிக்க வராது. ஆனால் ஜெட்டியும் நாலாவும் எங்கே என்று காட்டியதும் தன் விரலை வைத்துவிட்டார். விரல் சரியாகப் பாதைக் கோட்டின் மேல் இருந்தது.

“எட்டு வருஷம்,” என்றாள் எத்வாரி. “கிணறு நாங்களே வெட்டினோம். பாக்கு இந்த வருஷம்தான் காய்க்கிறது.”

“காகிதம் இருக்கா, பாய்?” என்று அப்பாராவ் கேட்டார். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை.

“காகிதம் இருந்தால் இங்கே வந்து ஏன் நிற்கிறேன்? நீங்கள்தான் என் காகிதம்.”

அப்புறம் நடந்த கூட்டம் போல நான் ஒன்று பார்த்ததில்லை. பெஞ்சுக்கு இரண்டு கூட்டம் எடுத்தவர்கள் இதற்கு அரைமணி எடுத்தார்கள். சண்முகம் அண்ணன்தான் ஆரம்பித்தார்: “பாதை வளைஞ்சு போனா ஜீப்புக்குக் கழுத்தா சுளுக்கிக்கும்? நாலா ஓரமாவே கொண்டுபோங்க.” ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். பௌலுஸ் எட்டு வருஷமாகக் குடியிருப்பதைப் பஞ்சாயத்து அறியும். பாதையை வளைக்க வேண்டும். ஏகமனதாக நிறைவேறியது.

ஹரேன் பாபு என் பக்கம் திரும்பி, “எழுது, பஹன்,” என்றார். சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மாறியது. அவருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாங்கள் எழுதி அனுப்பியாகிவிட்டது.

5

போலீஸ் அவுட்போஸ்டில் வயர்லெஸ் உண்டு. ஓடினேன். சர்க்கார் செய்திக்கு மட்டும்தான் என்றார் கான்ஸ்டபிள். பஞ்சாயத்து சர்க்கார் இல்லையா என்றேன். அதை எழுத்தில் வாங்கி வா என்றார். யாரிடமிருந்து? போர்ட் பிளேரிலிருந்து.

திரும்பி வந்தால் ஹரேன் பாபு தனியாக உட்கார்ந்திருந்தார்.

“அடுத்த லாஞ்சில் திருத்தம் அனுப்பலாம்,” என்றார்.

“அடுத்த லாஞ்சுலதான் தாதா வெட்டு ஆளுங்க வர்றாங்க. நம்ம திருத்தம் அதே லாஞ்சுல திரும்பிப் போய்ச் சேர்றப்ப இங்க பாக்கு மரம் ஒண்ணு நிக்காது.”

“வெட்டு ஆட்களிடம் நான் பேசுகிறேன்.”

“என்னன்னு? நீங்க கையெழுத்துப் போட்ட காகிதம் அவங்க கையில இருக்கும்.”

அவர் என்னை உட்கார வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நீ போய், கூட்டத்துக்கு முன்னாலேயே எழுதினோம் என்று சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? இதை மட்டுமா கிழிப்பார்கள்? அதே உறைக்குள் உன் வாத்தியார் இருக்கிறார். அதுவும் கூட்டத்துக்கு முன்னாலே எழுதியதுதானே? நர்ஸ், கிணறு, எல்லாவற்றையும் கிளறுவார்கள். அரே, நான் இரண்டு முறை அகதியாக வீடு விட்டு வந்தவன். பௌலுஸுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் யோசி.”

யோசித்தேன். யோசிக்காமல் கிளம்பினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அது பொய். வாத்தியாருக்காக நான் ஒதுக்கி வைத்திருந்த மேசை கண் முன் வந்தது. பேசாமல் இருந்துவிட்டால் வாத்தியார் வந்துவிடுவார். அடுத்த பூசைக்கு எத்வாரி கடைசி வரிசையில் இருக்க மாட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். அவ்வளவுதானா?

மினிட் புக்கை எடுத்தேன். நடந்த கூட்டத்தை நடந்தபடி எழுதினேன். ஏழு பேரையும் ஜெட்டியில் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினேன். ஹரேன் பாபு கடைசியாகப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது என்னைப் பார்க்கவில்லை. பௌலுஸ் கேட்காமலே பெருவிரலை நீட்டினார். மெம்பர் இல்லாதவரின் ரேகைக்கு மினிட் புக்கில் இடம் கிடையாது. ஓரத்தில் வைக்கச் சொன்னேன்.

லாஞ்ச் நேராகப் போர்ட் பிளேர் போகாது. முனையைச் சுற்றிக்கொண்டு மரக் கிடங்கு ஜெட்டிக்குப் போய், நாலு மணி வரை சரக்கு ஏற்றும். கடல் வழி நீளம். குன்றைத் தாண்டினால் குறுக்கு.

“யானை கட்டை இழுத்த தடம் ஒன்று இருக்கிறது,” என்றார் பௌலுஸ். “செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்.”

மணி அப்போது ஒன்றரை. ரீத்தாவை ஹரேன் பாபு மனைவியிடம் விட்டேன். “மம்மி, ஜல்தி ஆனா,” என்றாள். சீக்கிரம் வா என்று தமிழில் சொல்லச் சொல்லித் திருத்த வாயெடுத்தேன். நேரமில்லை.

6

அட்டை கடித்ததையெல்லாம் எழுதப்போவதில்லை. ஏறும்போது நான் பேசிக்கொண்டே வந்தேன். பயம் வந்தால் எனக்கு அப்படி. படிவத்தில் ‘எவருமில்லை’ என்று எழுதியது நான்தான் என்பதையும் உளறிவிட்டேன். பௌலுஸ் நின்றார். கத்தியால் முன்னால் கிடந்த கொடியை வெட்டினார். இன்னொரு கொடியையும் வெட்டினார்.

“என் வீட்டுப் புகை உன் வீட்டிலிருந்து தெரியும்,” என்றார். “உன் வீட்டுப் புகை எனக்கும் தெரியும்.”

பிறகு அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால்.

கிடங்கு ஜெட்டியை எட்டும்போது கடைசிக் கட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. காலெல்லாம் ரத்தமும் சேறுமாக என்னைப் பார்த்ததும் மிக்கேல், என் வீட்டுக்காரர், கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். தூத்துக்குடிக் கடற்கரையில் வளர்ந்த மனிதர். பேச்சு இன்னும் அங்கேயே நிற்கிறது.

“ஏ தெரஸு, பிள்ளைக்கு என்னமும் ஆச்சா?”

“பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. அந்த உறை வேணும். எனக்கு அதை உடனே எடுத்துக் குடுங்க.”

சொன்னேன், மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும். அவர் பௌலுஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாரங்கிடம் போனார். சாரங் வயதானவர், பொறுமையாகவே சொன்னார்: “முத்திரை வைத்த பை. திறந்தால் எனக்கு வேலை போகும், உனக்கு ஜெயில். உன் பெண்டாட்டிக்கு ஆகவேண்டியது அலுவலகத்தில்தான் ஆகும்.”

மிக்கேல் திரும்பி வந்தார். இடுப்பில் கயிறு அறுக்கும் கத்தி. தபால் பை பத்தடி தள்ளி, இன்ஜின் அறை வாசலில், கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சொல்லு, அறுத்துப் போடுதேன். தடுக்கி விழுந்து கிழிஞ்சிட்டுன்னு சொல்லிக்கிடலாம்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் தலையசைத்திருந்தால் செய்திருப்பார். நான் அந்தப் பையைப் பார்த்தேன். அதற்குள் என் வாத்தியாரும் இருந்தார். பையை அறுத்தால் வேண்டாததை எடுத்துக்கொண்டு வேண்டியதை அப்படியே விட்டுவிடலாம் என்றுகூட மனசு ஒரு கணக்குப் போட்டது. இன்னொரு தந்திரம். இன்னொரு நல்ல யோசனை.

“வேண்டாம்,” என்றேன். “நானே வாரேன்.”

“போர்ட் பிளேருக்கா? இந்தக் கோலத்துலயா?”

“காலைக் கழுவிக்கிடுதேன்.”

சாரங் மணி அடித்தார். பௌலுஸ் பலகையில் நின்றார். வருகிறீர்களா என்று கேட்டதற்கு, “வீட்டில் ஆள் இருக்க வேண்டும்,” என்றார். “இல்லையென்றால் எவருமில்லை என்பது உண்மையாகிவிடும்.” குத்திச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா, தெரியவில்லை. ரீத்தாவுக்கும் ஹரேன் பாபு வீட்டுக்கும் அவரிடமே சேதி சொல்லி அனுப்பினேன். நடுவில் நாலு முழம் தண்ணீர் வந்தது. இந்தமுறை நான் லாஞ்சின் பக்கம் நின்றிருந்தேன்.

7

இன்று ஞாயிறு. போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில், நான் அக்காள் என்று கூப்பிடும் மிக்கேலின் சித்தப்பா மகள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சுற்றிலும் தமிழ்ச் சத்தம். மீன் விற்கிறவளிடம் அக்காள் பேரம் பேசுகிறாள். இதையெல்லாம் கேட்க ரீத்தா இல்லையே என்று இருக்கிறது. மினிட் புக் எண்ணெய்த் துணிக்குள், என் மடியில்.

அக்காள் கணவர் அலுவலகங்களை அறிந்தவர். காலையிலிருந்து எனக்குப் பாடம் எடுக்கிறார். “எழுத்துப் பிழைன்னு சொல்லும்மா. வரைபடத்தைத் தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லு. முன்னாடியே எழுதினேன்னு மட்டும் வாயைத் திறக்காத. வாத்தியாரும் தப்பிச்சிடுவாரு, வீடும் தப்பிச்சிடும்.”

நடக்கவும் கூடும். ஆனால் அங்கே ஒரே கூட்டத்துக்கு, ஒரே தேதியில், ஒரே எண்ணில் இரண்டு தீர்மானம் இருக்கும்: ஒன்று உறையில், ஒன்று என் மடியில். எது நிஜம் என்று முதல் ஆளே கேட்பார். வரைபடத்தைக் குறை சொன்னால், இரண்டாவதை நான் அப்புறம் இட்டுக்கட்டினேன் என்று ஆகும். பௌலுஸுக்கு இருப்பது இந்த ஒரு பக்கம்தான். அதை நம்ப வைக்க வேண்டுமானால் மற்றது எப்படி வந்தது என்று சொல்லியே ஆக வேண்டும்.

ஆகவே நாளை அலுவலகம் திறந்ததும் முதலில் பாதை அலுவலகம். புத்தகத்தை விரித்து வைத்து, உறையில் இருப்பது நான் கூட்டத்துக்கு முன்னால் எழுதியது, இது கூட்டம் முடிந்து எழுதியது, இதுதான் நடந்தது என்று சொல்லப்போகிறேன். எட்டாவது கட்டத்தை அடித்துவிட்டு மூன்று பெயர் எழுதக் கேட்பேன். அது முடிந்த பிறகு படியிறங்கி, கல்வி அலுவலகத்துக்குப் போய் அங்கேயும் அதையே சொல்வேன். இந்த வருஷம் இல்லையென்றால், அடுத்த வருஷப் பட்டியலில் முதல் பெயராகப் போடுங்கள் என்று கேட்பேன். மெம்பர் பதவியை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். ஏழாம் மைலில் சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்து அ, ஆ எழுதவைக்க ஒருவருடைய கையெழுத்தும் வேண்டாம். எத்வாரிக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று குன்று ஏறும்போதுதான் தெரிந்தது. ரீத்தா வயது. அவளையும் அனுப்பச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.

அதிகாரி என்ன சொல்வார், நான் எப்படிப் பதில் சொல்வேன் என்று பேனாவைத் திறந்து நாலு வரி எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. எனக்கு அது கைவந்த வேலைதானே.

அந்த நாலு வரியை அடித்துவிட்டேன். நாளைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.